செம்மண்ணும் வெண்மணலும்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் "எங்கே போகலாம்?" என்ற கேள்வி எல்லா வீடுகளிலும் எழுகிறது. கேமரன் மலை, பினாங்கு, லங்காவி என்று பதில்களும் வருகின்றன. வசதி உள்ளவர்கள் கடல் கடந்தும் போய் வருகிறார்கள். எங்கள் உறவினர் ஒருவர் அப்படித்தான் அமெரிக்காவுக்குப் போய், யூட்டா, அரிசோனா மாநிலங்களின் செம்பாறை நாட்டைக் காரிலேயே சுற்றிவிட்டு வந்தார். சையன், பிரைஸ், ஆர்ச்சஸ் என்று அங்கே தேசியப் பூங்காக்கள் வரிசையாக உள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாலைவனத்தின் நடுவே சாலை போகிறது. இருபுறமும் செக்கச் சிவந்த பாறைகள் கோட்டைச் சுவர்போல் நிற்கின்றன.

அவர் படங்களைக் காட்டிக்கொண்டே வந்தபோது, "இந்த மண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறேனே!" என்றார் என் துணைவியார். சற்று யோசித்துவிட்டு, "நம் தோட்டத்துச் சாலை!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னதில் ஓர் உண்மை இருந்தது. அந்த உண்மையைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தாய். 2007ஆம் ஆண்டில் அதற்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். ஆனாலும் எங்கள் வயதுக்காரர்களின் வாயில் பழைய பெயர்தான் இன்றும் வருகிறது. ரவாங்கிலிருந்து பத்து ஆராங் வழியாக எங்கள் ஊருக்கு வந்து, அங்கிருந்து கம்போங் குவாந்தான் வழியாகக் கோலசிலாங்கூர் போய்ச் சேரலாம். காலையில் புறப்பட்டால் இரவுக்குள் எல்லாம் பார்த்துவிடக்கூடிய பாதை. இந்தப் பாதையில் ஒரு செம்மண் நாடும் ஒரு பாலைவனமும் ஒரு பூங்காவும் இருக்கின்றன என்றால் நம்புவீர்களா?

முதலில் செம்மண்ணைப் பார்ப்போம்.

இரும்பு ஆணி ஒன்றை மழையில் போட்டு வைத்தால் என்ன ஆகிறது? துருப்பிடித்துச் சிவக்கிறது. இரும்பும் காற்றிலுள்ள உயிர்வாயுவும் ஈரமும் சேர்ந்து செய்யும் வேலை அது. உலகில் சிவந்த மண், சிவந்த பாறை என்று நாம் காண்பவற்றில் பெரும்பாலானவை இந்தத் துருவினால் சிவந்தவையே. யூட்டாவின் செம்பாறைகளில் பல, 18 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு காற்று குவித்த மணல்மேடுகள். அந்த மணல் இறுகிப் பாறையாயிற்று. ஒவ்வொரு மணலின்மேலும் குங்குமம் பூசியதுபோல் மெல்லிய இரும்புத் துரு படிந்திருக்கிறது. பாறை முழுவதும் இரும்பு என்று எண்ணிவிடக் கூடாது. மிகக் கொஞ்சம் துருவே ஒரு மலையைச் சிவக்க வைத்துவிடும்.

இதே காட்சி தமிழகத்திலும் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் தேரிக்காடு என்று சொல்வார்கள். பனைமரங்களுக்கிடையே இரத்தச் சிவப்பாக மணல்மேடுகள் விரிந்து கிடக்கும். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர்கள் சிலர் தேரியைப் பற்றிச் சொல்ல நான் சிறு வயதில் கேட்டிருக்கிறேன். காற்றடித்தால் மேடு இடம் மாறும் என்பார்கள். அங்கேயும் மணலின்மேல் படிந்திருப்பது இரும்புத் துருதான்.

நம் தோட்டத்துச் செம்மண் வேறு வகையில் பிறந்தது. வெயிலும் பெருமழையும் மாறி மாறி வரும் நாடு இது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரையக்கூடிய சத்துகளையெல்லாம் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. எளிதில் கரையாத இரும்பும் அலுமினியமும் தங்கிவிடுகின்றன. பல்லாயிரம் ஆண்டுகள் இப்படி நடந்தபின் மிஞ்சுவது செம்மண். அதில் ஒரு வகைதான் லேட்டரைட். இந்தப் பெயரை வைத்தவர் பிரான்சிஸ் புக்கானன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர். மலபாரில் அங்காடிப்புரம் பக்கம் மக்கள் ஈரமான செம்மண்ணைக் கத்தியால் செங்கல்போல் வெட்டி எடுப்பதையும், காற்றுப்பட்டதும் அது கல்லாக இறுகுவதையும் அவர் கண்டார். 1807இல் வெளியான தம் நூலில், இலத்தீன் மொழியில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து அந்தப் பெயரை உண்டாக்கினார். தோட்டத்துச் சாலையில் கொட்டி உருட்டினால் இறுகிக்கொள்வதும், வெயில் காலத்தில் வெள்ளைச் சட்டையைச் சிவப்புச் சட்டையாக்குவதும் இந்த மண்தான்.

ஆக, அமெரிக்கப் பாறையும் திருச்செந்தூர்த் தேரியும் எங்கள் பத்தாங் பெர்ஜுந்தாய்ச் சாலையும் ஒரே சாயத்தில் தோய்ந்தவை.

இனிப் பயணத்தைத் தொடங்குவோம். ரவாங்கை விட்டதும் வருவது பத்து ஆராங். மலாய் மொழியில் நிலக்கரி என்று பொருள். 1915 முதல் 1960 வரை அங்கே நிலக்கரி வெட்டினார்கள். இந்நாட்டு இரயில்களும் மின்சார நிலையங்களும் அந்தக் கரியால் ஓடிய காலம் ஒன்று இருந்தது. 1937இல் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து சுரங்கத்தையே தம் கையில் எடுத்துக்கொண்டதும், காவல்துறை வந்து அதை அடக்கியதும் இந்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்ற செய்திகள். இன்று அது அமைதியான சிற்றூர்.

அங்கிருந்து பெஸ்தாரி ஜெயாவை நெருங்கும்போது நிலத்தின் நிறம் மாறுகிறது. செம்பனை மரங்களுக்கிடையே வெள்ளை வெளேரென்று மணல்வெளி தெரியும். நடுவில் நீலமும் பச்சையுமாக ஏரிகள் தெரியும். புதிதாக வருபவர்கள் காரை நிறுத்திப் படம் பிடிக்கிறார்கள். அழகான காட்சிதான். ஆனால் அது இயற்கை தந்த காட்சியன்று. ஈயம் எடுத்தபின் விட்டுப்போன நிலம் அது. ஏரி என்று அவர்கள் சொல்வதை நாங்கள் ஈயக்குட்டை என்போம்.

ஈயம் எடுத்த முறையைச் சற்று விளக்குகிறேன். ஒரு பெரிய குளத்தை வெட்டி, அதில் ஐந்தாறு மாடி உயரத்துக்கு ஓர் இரும்புக் கப்பலை மிதக்க விடுவார்கள். அதன் முன்புறத்தில் சங்கிலியில் கோத்த வாளிகள் சுழன்று சுழன்று குளத்தின் அடியிலுள்ள மண்ணை வாரும். நூறு அடிக்குக் கீழே தோண்டிய கப்பல்களும் உண்டு. வாரிய மண்ணைக் கப்பலுக்குள்ளேயே தண்ணீர் பாய்ச்சிக் கழுவுவார்கள். ஈயத்தாது மணலைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் கனமானது. ஆகவே அது அடியில் தங்கிவிடும். இலேசான மணலும் களியும் கப்பலின் பின்புறமாகக் கொட்டப்படும். கப்பல் முன்னே தோண்டிக்கொண்டே போகும், பின்னே நிரப்பிக்கொண்டே போகும். குளமும் அதனுடன் நகரும். இரவும் பகலும் அந்தச் சங்கிலியின் ஓசை ஊர் முழுவதும் கேட்கும். அது நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும்.

இதில் நிலத்துக்கு என்ன நேர்ந்தது? மேல்மண் அடியில் போயிற்று. சத்தைப் பிடித்து வைக்கும் களி தனியே பிரிந்து ஓடிற்று. கழுவிய வெறும் மணல் மேலே வந்தது. அந்த மணலில் எவ்வளவு மழை பெய்தாலும் நீர் நில்லாது. நண்பகலில் வெறுங்காலை வைக்க முடியாது. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நாட்டில் ஒரு பாலைவனம் உண்டானது இப்படித்தான். பல ஆண்டுகள் கழிந்தபின் லாலாங் புல் எட்டிப் பார்க்கும். பிறகு ஊதாப் பூப் பூக்கும் செண்டுடுக் செடி வரும். அதன் பழத்தைத் தின்று நாக்கைக் கறுப்பாக்கிக்கொண்டு திரியாத தோட்டத்துப் பிள்ளை உண்டா?

இங்கே நம் முன்னோர் சொன்ன ஒன்று நினைவுக்கு வருகிறது. நிலத்தை ஐந்தாகப் பிரித்த தமிழர் பாலையையும் ஒரு திணையாகக் கொண்டார்கள். ஆனால் பாலை என்று தனியே ஒரு நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. யூட்டாவின் பாலை மழை மறைவால் உண்டான பாலை. எங்கள் ஊர்ப் பாலையோ இயல்பு திரிந்த நிலம். அதைத் திரித்தது மனிதனின் கை.

1985ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அனைத்துலக ஈய மன்றம் பணமின்றி முடங்கிற்று. இலண்டன் சந்தையில் ஈய வாணிபமே நின்றது. விலை சரிந்தது. நாடெங்கும் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. சங்கிலி ஓசை அடங்கிற்று. குட்டைகள் மட்டும் நின்றன.

நேயர்களே, நான் இந்தப் பேச்சை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். நான் ஆறாம் ஆண்டில் படித்தபோது, எங்கள் லயத்தில் நான்கு வீடு தள்ளி ஒரு பையன் இருந்தான். ஒரு சனிக்கிழமை பிற்பகல் மீன் பிடிக்கப் போனோம். அவன் கரையோரத்தில் நின்று தூண்டிலை வீசினான். அவன் காலடி மணல் ஓசையில்லாமல் சரிந்தது. ஒரு கணம் அவன் கை தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. நாங்கள் மூன்று பேரும் கத்திக்கொண்டே லயத்துக்கு ஓடினோம். அவனை மறுநாள்தான் எடுத்தார்கள். அந்தக் கரையில் ஓர் எச்சரிக்கைப் பலகைகூட இருந்ததில்லை. அவனுடைய தாயார் அதன்பின் பல மாதங்கள் மாலை வேளையில் குட்டைப் பக்கமே பார்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். என்னைக் காணும்போதெல்லாம், "அவன் நீந்துவானே ஐயா, நல்லா நீந்துவானே" என்பார்.

நீந்தத் தெரிந்தவன் எப்படி மூழ்கினான்? அன்று எனக்கு விடை தெரியவில்லை. இன்று தெரியும். ஆற்றங்கரைபோல் ஈயக்குட்டையின் கரை சாய்ந்து இறங்குவதில்லை. கழுவிய மணலில் ஒட்டிப் பிடிக்கும் களி இல்லை. மேலே கெட்டியாகத் தோன்றும். நீருக்குள்ளே கரை அரித்துக் குடைந்திருக்கும். ஓர் ஆள் எடை ஏறினால் மொத்தமாகச் சரியும். விழுந்தவன் மேல் மணலும் சேர்ந்து விழும். ஓர் அடி தள்ளினால் முப்பது, நாற்பது அடி ஆழம் இருக்கும். கரையைப் பிடித்து ஏற முயன்றால் கையோடு மணல் வரும். அங்கே நீச்சல் தெரிந்து பயனில்லை.

ஆகவே பெற்றோர்களே, ஆசிரியர்களே, பிள்ளைகளிடம் "போகாதே" என்று சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். ஏன் போகக்கூடாது என்பதையும் சொல்லுங்கள். ஒரு தட்டில் ஈரமணலைக் குவித்து, ஓரத்தில் நீர் ஊற்றிக் காட்டினால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். எவரேனும் விழுந்துவிட்டால் பின்னால் குதிக்கக்கூடாது; கயிறு, நீண்ட கழி, காலி எண்ணெய்த் தகரம் என மிதப்பதையோ எட்டுவதையோ தூரத்திலிருந்து நீட்ட வேண்டும், பெரியவர்களைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

அந்தக் குட்டைகளை வெறுத்து ஒதுக்கவும் நான் சொல்ல மாட்டேன். 2014இல் கடும் வறட்சி வந்தபோது பழைய ஈயக்குட்டைகளின் நீரைச் சிலாங்கூர் ஆற்றுக்கு இறைத்தார்கள். அந்த ஆறு கிள்ளான் பள்ளத்தாக்கு மக்களின் குடிநீர். ஆகவே குட்டையில் குப்பையைக் கொட்டுபவர் தம் குழாயிலேயே கொட்டுகிறார் என்பதை மறந்துவிடலாகாது.

பயணம் இன்னும் முடியவில்லை. மாலைக்குள் கம்போங் குவாந்தான் வந்துவிடுங்கள். இருட்டியதும் படகில் ஏறினால், ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே நேரத்தில் மின்னி ஒரே நேரத்தில் அணைவதைக் காணலாம். ஒரு விநாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை மின்னும். தனித்தனியே மின்னும் மின்மினியை எங்கும் பார்க்கலாம். தாளம் தப்பாமல் சேர்ந்து மின்னும் இந்த வகை உலகில் சில இடங்களில்தான் உண்டு. அதன் புழு கரைச் சேற்றில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. கரையிலுள்ள மரத்தை வெட்டினால், சேறு காய்ந்தால், அந்த வெளிச்சமும் அணைந்துவிடும். மேலே எங்கள் ஊரில் ஆற்றுக்கு என்ன செய்கிறோமோ அது கீழே இந்தப் பூச்சிக்குத் தெரியும்.

நேரம் மிச்சமிருந்தால், மறுநாள் காலை கோலசிலாங்கூர் மலாவாத்திக் குன்றில் ஏறுங்கள். 1784இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றிய கோட்டையின் எச்சமும், 1907இல் எழுப்பிய கலங்கரை விளக்கமும் அங்கே உள்ளன. குன்றின் அடியில் 1987 முதல் இயற்கைப் பூங்கா ஒன்று இருக்கிறது. சதுப்புக் காட்டு மரப்பாலத்தில் நடந்தால் நண்டும் சேற்றுமீனும் உங்களை வேடிக்கை பார்க்கும்.

செம்பாறை நாட்டுக்குப் போகக்கூடியவர்கள் போய் வாருங்கள், நல்ல காட்சிதான். அதற்கு முன் ஒரு நாள் உங்கள் பிள்ளைகளை இந்தச் சாலையில் அழைத்து வாருங்கள். சிவப்பு மண்ணில் அவர்களை நிற்கச் செய்து, இது ஏன் சிவந்தது என்று கேளுங்கள். வெள்ளை மணலைத் தூரத்திலிருந்து காட்டி, இது ஏன் வெளுத்தது என்று கேளுங்கள். இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்த பிள்ளை அந்தக் கரையில் போய் நிற்க மாட்டான்.