வெந்நீரில் விரிந்த வானவில்

திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியாவுக்குச் சென்றவர்கள், கிணற்று வெந்நீரை வாளியால் அள்ளி மேனியில் வார்த்து மகிழ்ந்திருப்பார்கள். இன்று நான் கூற வந்ததோ, விரல் நுனியையும் வைக்கலாகாத ஒரு வெந்நீரூற்றைப் பற்றி. ஐக்கிய அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலே, யெலோஸ்ரோன் தேசியப் பூங்காவினுள் அது இருக்கின்றது. கிராண்ட் பிறிஸ்மற்றிக் என்பது அதன் பெயர். அரியத்தினூடாகச் செல்லும் ஒளி பல நிறங்களாகப் பிரிவது போன்ற தோற்றம் உடையதாதலின், 1871ஆம் ஆண்டு ஹேடன் என்பவரின் தலைமையில் அங்கு சென்ற ஆய்வுக் குழுவினர் அதற்கு இப்பெயரை இட்டனர். அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அந்நிலத்தின் பழங்குடி மக்கள் அப்பகுதியை அறிந்திருந்தனர். 1872ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1ஆந் திகதி அது தேசியப் பூங்காவாயிற்று.

நான் அங்கு சென்றது குளிர் மிகுந்த ஒரு செப்டெம்பர் மாதக் காலைப் பொழுதில். பயர்ஹோல் என்னும் ஆற்றின் பாலத்தைக் கடந்து, மரப்பலகைகளால் அமைத்த நடைபாதையில் ஏறினேன். முதலில் எதிர்ப்பட்டது எக்செல்சியர் என்னும் பெருங்குழி. 1880ஆம் ஆண்டுகளில் 300 அடி உயரம் வரை நீரைப் பீறிட்டெறிந்த ஊற்று அது. இப்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 15,000 லீற்றர் வெந்நீரை அமைதியாக ஆற்றிலே சொரிந்துகொண்டிருக்கின்றது.

அதற்கப்பால் உள்ளது நான் காண வந்த ஊற்று. குறுக்களவு ஏறக்குறைய 370 அடி. ஆழம் 120 அடிக்கு மேல். ஆயினும் முதலில் நான் கண்டது வெண்ணிற ஆவி ஒன்றையே. குளிர்காற்றிலே நீராவி திரண்டு எல்லாவற்றையும் மூடியிருந்தது. சற்றுப் பொறுத்ததும் காற்று வீசிற்று. ஆவி விலகி நீலம் தெரிந்தது. அதே காற்று என் தொப்பியையும் கொண்டு சென்றது.

ஆறடி தூரத்தில், செம்மஞ்சள் நிறத் தரையின் மேல் அது கிடந்தது. அங்கே நீர் ஒரு விரற்கடை ஆழமும் இல்லை. ஓர் அடி வைத்தால் போதும் என்று மனம் சொல்லிற்று, காலும் எழுந்தது. பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர் என் கையைப் பற்றி, ஒரு வார்த்தையும் பேசாது தலையை அசைத்தார்.

நேயர்களே, அந்தத் தலையசைப்பின் பொருளைப் பின்னரே முழுதும் உணர்ந்தேன். அங்கே தரைபோலத் தோன்றுவது பல இடங்களில் கொதிநீரின் மேல் படிந்த மெல்லிய ஓடு. 2016ஆம் ஆண்டில், அதே பூங்காவின் நொறிஸ் பகுதியிலே நடைபாதையை விட்டு விலகிச் சென்ற இளைஞர் ஒருவர் ஊற்றில் விழுந்து உயிர் துறந்தார்.

இன்னொரு காரணமும் உண்டு. நான் மிதிக்க இருந்தது வெறும் மண்ணன்று, உயிருள்ள படலம். நிலத்தினுள் ஊறிய மழைநீரும் பனிநீரும் ஆழத்திலுள்ள எரிமலை வெப்பத்தினாற் சூடேறி, ஊற்றின் நடுவே மேலெழுகின்றன. நடுவிலுள்ள நீர் மிகச் சூடானது. ஒளியைக் கொண்டு உணவாக்கும் நுண்ணுயிர்கள் அங்கே வாழ இயலாது. ஆகவே தெளிந்த ஆழ்நீருக்கு இயல்பான நீலமே அங்கு தெரிகின்றது. ஓரத்தை நோக்கிப் பரவும் நீர் படிப்படியாக ஆறுகின்றது. ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஏற்ற நுண்ணுயிர்கள் வளையம் வளையமாகக் குடியிருக்கின்றன. முதலில் மஞ்சள், அடுத்துச் செம்மஞ்சள், அதன்பின் செங்கபிலம். கோடையின் கடும் ஒளியினின்று தம்மைக் காக்க அவை செம்மஞ்சள் நிறப்பொருளை மிகுதியாக ஆக்குகின்றன. மாரியிலே பச்சையம் மேலோங்க, அவ்வளையங்கள் கரும்பச்சையாகின்றன.

இந்த நுண்ணுயிர்களால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். 1966ஆம் ஆண்டில் தோமஸ் புறொக் என்னும் விஞ்ஞானி, அதே பூங்காவின் வேறோர் ஊற்றிலிருந்து வெப்பத்தைத் தாங்கும் பற்றீரியா ஒன்றை எடுத்தார். தேர்மஸ் அக்குவாற்றிக்கஸ் என்று அதற்குப் பெயரிட்டனர். மரபணுப் பொருளைப் பன்மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். முறையைக் கண்ட கறி மல்லிஸ் 1993இல் நோபல் பரிசு பெற்றார். அம்முறையிலே கலவையை மீண்டும் மீண்டும் சூடேற்ற வேண்டும். அச்சூட்டில் அழியாத நொதியத்தைத் தந்தது அந்தப் பற்றீரியாவே. 2020இல் கொரோனாத் தொற்றைக் கண்டறிய உலகெங்கும் பயன்பட்டதும் அம்முறைதான். எவரும் பொருட்படுத்தாத ஒரு சேற்றுப் படலத்தில் இத்தகைய செல்வம் மறைந்திருந்தது.

ஆனால் மனிதர் கைபட்டால் ஊற்றும் நோயுறும். அதே பூங்காவில் மோர்னிங் குளோறி என்றொரு குளம் உண்டு. காலையில் மலரும் நீலப் பூவொன்றின் பெயர் அது. பார்க்க வந்தோர் எறிந்த நாணயங்களும் பிறவும் அதன் வாயை அடைத்தன. வெந்நீர் வரத்துக் குறைந்தது. ஓரத்து மஞ்சளும் செம்மஞ்சளும் உட்புறமாகப் பரவின. 1950இல் நீரைப் பொங்கச் செய்து, நாணயங்களோடு கைக்குட்டைகளையும் துவாய்களையும் வெளியே எடுத்தனர். ஆயினும் பழைய நீலம் முழுதும் திரும்பவில்லை. எறிந்தவர் எவரும் கேடு நினைத்தவரல்லர். ஒரு காசுதானே என்று ஒவ்வொருவரும் எண்ணியிருப்பர்.

நண்பகலில் ஆவி குறைந்தபின், 2017இல் திறக்கப்பட்ட பாதையால் அருகிலுள்ள குன்றின் மேல் ஏறினேன். அங்கிருந்து முழு ஊற்றும் தெரிந்தது. நடுவே ஆழ்ந்த நீலம். சுற்றிலும் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள். அவற்றினின்று நாற்புறமும் கதிர்கள்போல் ஓடும் செந்நிறக் கால்கள். ஓரத்திலே கரும்புள்ளி ஒன்றும் தெரிந்தது. அது என் தொப்பியாய் இருக்கலாம். இறங்கி வந்து பூங்கா ஊழியர் ஒருவரிடம் அதைக் கூறினேன். இப்படிப் பறந்து விழுபவற்றை அகற்றுவதும் தங்கள் பணிகளுள் ஒன்று என்று சிரித்தபடி சொன்னார்.

வெறுந்தலையோடு திரும்பினேன். எனினும் கால் வைக்காது வந்தேன் என்ற நிறைவு எனக்கு உண்டு. அதற்கு, பெயரறியாத அந்த முதியவருக்கே நன்றி கூறவேண்டும்.