கீழாநெல்லிக்கு ஒரு பரீட்சை



பரம்பரை வைத்தியத்தின் மேன்மையைப் பற்றிப் பேசும்படி இந்நூல்நிலையத்தார் என்னை அழைத்தார்கள். பொதுவாகப் புகழ்ந்துவிட்டு அமர்வதைக் காட்டிலும், மழைக்குப் பின் வேலியோரத்தில் தானாக முளைத்து, இலைக்கடியில் நெல்லிக்காயைப் போன்ற சிறு காய்களை வரிசையாகத் தாங்கி நிற்கும் கீழாநெல்லி என்னும் ஒரே செடியை எடுத்துக்கொண்டு, அது காமாலைக்கு மருந்து என்று நாம் சொல்வதற்கு ஆதாரம் யாது என விசாரிப்பதே அந்தச் செடிக்குச் செய்யும் மரியாதை என்று எனக்குத் தோன்றிற்று.

என் பாட்டனார் கிராமத்து வைத்தியர். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு திண்ணையில் வந்து காத்திருப்பவர்களுக்குப் பச்சைக் கீழாநெல்லியை அம்மியில் மையாய் அரைத்து, மோரில் கலக்கிக் கொடுத்து, உப்பும் எண்ணெயும் நீக்கிப் பத்தியம் சொல்லி அனுப்புவார், காசு வாங்கமாட்டார். கண்ணின் மஞ்சள் தெளிந்தவர்கள் வாழைத்தாரோடும் பூசணிக்காயோடும் வந்து வணங்கிச் செல்வதைச் சிறுவனாக இருந்து கண்ட எனக்கு, அம்மருந்தின்மீது உண்டான பக்தி இன்றும் நீங்கவில்லை. ஆயினும், அசுத்தமான நீராலும் உணவாலும் தொற்றும் காமாலை, மருந்தேதும் உட்கொள்ளாவிட்டாலும் பெரும்பாலோர்க்குச் சில வாரங்களிலோ ஓரிரு மாதங்களிலோ தானே தணிந்துவிடும் இயல்புடையது என்பதைப் பிற்காலத்தில் படித்தறிந்தபோது, அந்த வாழைத்தார்களில் எத்தனை செடிக்கு உரியவை, எத்தனை தேகத்தின் இயற்கை வலிமைக்கு உரியவை என்ற கேள்வி என் மனத்தைக் குடையத் தொடங்கிற்று. வாழைத்தாரோடு வராதவர்களின் நினைவும் அப்போதுதான் வந்தது.

இதற்கு விடை காண, ஒரு வைத்தியரின் அனுபவம் எத்துணை நேர்மையானதாயினும் போதாது. மருந்து உண்டவரோடு, அதே வியாதியுடன் போலி மருந்து உண்டவரையும் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னையில் அப்படி எண்ணிப் பார்த்தார்கள். காமாலையை உண்டாக்கக்கூடிய ஹெபடைடிஸ் பி வைரஸைப் பற்றிய கண்டுபிடிப்புக்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கும், நம் எஸ்.பி. தியாகராஜனும், அவர்களுடைய சகாக்களும், அந்த வைரஸை நெடுநாளாய் இரத்தத்தில் சுமந்திருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்து, 1988-ல் 'லான்செட்' சஞ்சிகையில் முடிவை வெளியிட்டார்கள். மருந்துண்ட 37 பேரில் 22 பேருக்கு, வைரஸ் இருப்பதைக் காட்டும் மேற்புறப் பொருள் இரத்தத்திலிருந்து மறைந்திருந்தது; போலி மருந்துண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்திருந்தது. எத்தகைய பெருமிதம்! ஆனால் பிற இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் மீண்டும் கிட்டவில்லை. 2011-ல் 16 சோதனைகளை ஒருங்கே தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள், போலி மருந்தைவிட இம்மூலிகை நன்மை தருகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று முடிவு கூறினார்கள்.

இதைக் கேட்டவுடன், அந்நிய சாஸ்திரம் நம் மருந்தை வேண்டுமென்றே தாழ்த்துகிறது என்று சிலர் கொதிக்கிறார்கள். அவர்களுக்குச் சர்ப்பகந்தாவை ஞாபகப்படுத்துகிறேன். நம் தேசத்து வைத்தியர்கள் வழிவழியாகக் கையாண்ட அந்த வேரை, பம்பாயில் ருஸ்தம் வக்கீல் இரத்த அழுத்த நோயாளிகள் 50 பேருக்குக் கொடுத்துக் கணக்கிட்டு, 1949-ல் பிரிட்டிஷ் இருதய நோய்ச் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். 1952-ல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்னும் மருந்துப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. மேல்நாட்டு மருத்துவர்களும் அதை எழுதிக் கொடுத்தார்கள். அதை உயர்த்திய அதே துலாக்கோல்தான் கீழாநெல்லியையும் நிறுத்தது.

எனக்கு வேதனை தருவது வேறொன்று. பித்தநாளத்தைக் கல்லோ கட்டியோ அடைத்துக்கொண்டாலும் கண் மஞ்சளாகத்தான் தெரியும். அத்தகையவர் மோரும் பத்தியமுமாக வாரக்கணக்கில் காத்திருந்து, கத்தியால் தீர்த்திருக்கக்கூடிய காலத்தைக் கடந்துவிடுகிறார். அவர் உறவினரோ, 'விதி' என்று கண்ணீர் விடுகிறார்கள். கண் மஞ்சளித்தவரை முதலில் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுப் பிறகு அம்மியைத் தொடும் வைத்தியரை நான் கைகூப்பி வணங்குவேன்.

என் பாட்டனாரின் நோட்டுப் புத்தகம் இன்றும் என்னிடம் இருக்கிறது. மருந்து வாங்கியவரின் பெயர், ஊர், நாள் எல்லாம் அதில் உண்டு. பின்னர் என்ன ஆயிற்று என்ற குறிப்பு மட்டும் இல்லை. இங்கே அமர்ந்திருக்கும் சித்த மருத்துவ மாணவர்களை வேண்டிக்கொள்கிறேன்: அந்தக் குறிப்பையும் எழுதுங்கள், செடியை எந்த நிலத்தில், எந்தப் பருவத்தில் பறித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள், திரும்பி வராதவரின் தெருவைக் குறித்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பாருங்கள்.