கழிவு நூலும் கணக்கேடும்



நமது பின்னல் வகுப்புப் பெண்கள் குரோஷா ஊசியால் பின்னிய கைப்பைகளும் பணப்பைகளும் இடுப்புப் பட்டைகளும் இம்மண்டபத்தின் வாயிலில் வைக்கப்பட்டுள்ளன. அனைத்தும் கழிவிலிருந்து மீண்ட நூலால் ஆனவை. இவ்வேலையைச் சங்கம் மேற்கொள்ளலாமா என்று நம்முள் எழுந்த வாதத்தைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

திருப்பூரில் பனியன் துணி வெட்டும் மேசைகளில் மிஞ்சும் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் குடோன்களுக்குச் செல்கின்றன. அங்கே பெரும்பாலும் பெண்களே அமர்ந்து அவற்றை நிறவாரியாகப் பிரிக்கிறார்கள். பிரித்த துண்டுகளை முட்கள் பதித்த உருளைகள் கிழித்து மீண்டும் பஞ்சாக்குகின்றன. அப்பஞ்சின் இழை குட்டையானது. ஆகையால் புதுப் பஞ்சோ பாலியெஸ்டரோ கலந்து ஓ.இ. மில்களில் தடித்த நூலாக நூற்கிறார்கள். மெல்லிய சேலைக்கு அது உதவாது. பைக்கும் விரிப்புக்கும் நன்கு உதவும். துண்டின் நிறமே நூலின் நிறமாகிவிடுவதால் மறுபடி சாயம் ஏற்ற வேண்டுவதில்லை. சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதையும் அறிந்தோர் இதன் அருமையை உணர்வர். கறுப்பையும் கருநீலத்தையும் பிரித்தறியும் அப்பெண்களின் கண்களே இதற்குக் காரணம். ஆயினும் அதனைத் திறன் என்று எவரும் கூலிச்சீட்டில் எழுதுவதில்லை.

மூத்தோர் சிலர் நம்மைத் தடுத்தனர். செத்த மாட்டைச் சுமக்கும் இழிதொழிலைக் கைவிடுமாறு 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் அறிவுறுத்தினார். பள்ளிக்கு அனுப்பிய பெண்களை மீண்டும் கழிவின் முன் உட்கார வைப்பதா என்று கேட்டனர். கேட்க வேண்டிய கேள்விதான். பிறப்பால் தலையில் கட்டப்பட்ட வேலைக்கும், வேண்டாமென்றால் எழுந்து போகக்கூடிய வேலைக்கும் வேறுபாடு உண்டென்று நாம் விடையளித்தோம். பள்ளி வயதுப் பிள்ளை எவரும் ஊசி பிடிக்கக் கூடாதென்றும் விதித்தோம். அம்மூத்தோர் அனைவரும் இன்றும் இணங்கிவிட்டதாகச் சொல்வதற்கில்லை.

அவர்களுடைய அச்சம் பொய்யுமன்று. முதல் ஆண்டில் ஒரு வியாபாரி பைகளுக்கு ஆர்டர் கொடுத்தார். நாம் நூல் விலையை மட்டும் கணக்கிட்டு, அதன்மேல் சிறிது சேர்த்து, விலை சொன்னோம்! கொண்டு சேர்த்தபின், நிறம் ஒன்றுபோல் இல்லை என்று பாதியைத் திருப்பிவிட்டார். மீள்நூல் ஒவ்வொரு லாட்டிலும் சற்றே நிறம் மாறும். அது நமக்குத் தெரிந்திருக்கவில்லை. பட்ட பிறகே தெரிந்தது.

நம் மாலைப் பாடசாலையில் பயின்ற மாணவி ஒருத்தி, தன் தாய் ஒரு பையைத் தொடங்கி முடிக்கும்வரை கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தாள். நூலின் எடை, வீணான நூல், பேருந்துக் கட்டணம், பின்னிய நேரம் யாவும் ஏட்டில் ஏறின. கூட்டிப் பார்த்தால் காட்டு வேலைக் கூலியில் பாதிகூடத் தேறவில்லை. அன்றிரவு அத்தாய்மார்கள் பேசிய பேச்சை இம்மேடையில் சொல்ல இயலாது.

அதன்பின் ஓர் ஆர்டருக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே லாட்டில் எடுக்கிறோம். மாதிரித் துண்டில் வாங்குவோரின் கையொப்பம் பெறுகிறோம். முன்பணம் இன்றி ஊசியைத் தொடுவதில்லை. ஏட்டை எழுதுவோரும் பின்னும் பெண்களே.

வெளியே செல்லும்போது பைகளை எடுத்துப் பாருங்கள். விலைச்சீட்டின் பின்புறத்தில் நூலுக்கு இவ்வளவு, நேரத்திற்கு இவ்வளவு என்று எழுதியிருக்கும். பேரம் பேச விரும்புவோர், எந்த வரியில் குறைக்க வேண்டுமென்று அப்பெண்களிடமே சொல்லலாம்.