கள்ளாமை விரதமும் இணையவழி வாணிகமும்

(மகாவீரர் பிறந்தநாள் விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

இணையவழிச் சிறு வாணிகரின் அன்றாட வாழ்வையும் இன்றைய வாணிகப் போக்கையும் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தார்கள். திண்டுக்கல்லில் இருந்துகொண்டு பருத்திச் சேலைகளை இணையவழி விற்று வருபவன் என்னும் முறையில் இப்பணியை ஏற்றுக்கொண்டேன். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் நிலத்தை நம்பி வாழ்ந்த நம் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் இன்று கைப்பேசியையே கடையாகக் கொண்டு தொழில் தொடங்குகின்றனர். அவர்களை மனத்திற்கொண்டு, இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் கள்ளாமை என்னும் ஒன்றை மட்டும் எடுத்து, அது இத்தொழிலில் எங்கெங்கே குறுக்கிடுகின்றது என்று கூற விரும்புகின்றேன்.

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். பூட்டு பிறர் கையைத் தடுப்பது. விரதம் நம் கையைத் தடுப்பது. அம்மாவட்டம் நமக்குப் புதிய மண்ணும் அன்று. பழனியை அடுத்த ஐவர்மலையில் பார்சுவநாதரின் திருவுருவங்களும், சகம் 792, அதாவது கி.பி. 870ஆம் ஆண்டுக் கல்வெட்டும் உள்ளன. வரகுண பாண்டியன் காலத்தில் சாந்திவீரக் குரவர் அங்குள்ள பார்சுவ படாரரையும் இயக்கியரையும் புதுப்பித்து, அவிக்கும் ஓர் அடிகளின் உணவிற்குமாக 505 காணம் பொன் வைத்த செய்தியை அக்கல்வெட்டு கூறுகின்றது. இன்ன பொருள், இவ்வளவு, இன்னதற்கு என்று யாவரும் காணக் கல்லில் எழுதிவைத்த கணக்கு அது.

இணையவழி வாணிகரின் ஒரு நாள் எவ்வாறு கழிகின்றது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். காலையில் இரவு வந்த ஆர்டர்களைப் பார்த்துச் சரக்கு இருப்போடு ஒத்துப்பார்க்க வேண்டும். சேலையை விரித்துக் கறை, கிழிசல் உண்டா எனச் சோதித்து, மடித்து, உறையிட்டு, முகவரித் தாள் ஒட்ட வேண்டும். மாலையில் கூரியர் வண்டி வரும். அதே வண்டியில் திருப்பி அனுப்பப்பட்ட பார்சல்களும் வந்து இறங்கும். அவற்றைப் பிரித்துப் பார்த்து, குறையிருந்தால் படம் எடுத்து முறையிட வேண்டும். விற்ற பொருளின் பணம் உடனே கைக்கு வருவதில்லை. தளத்தின் கமிஷனும், அனுப்பும் கூலியும், வரிப் பிடித்தமும் கழிந்த பின்னரே சில நாள் கழித்து வங்கிக் கணக்கில் சேரும். பொருளைப் பெறும்போது பணம் தருவதாகச் சொன்னவர் கதவைத் திறக்காவிட்டால், போகும் கூலியும் திரும்பும் கூலியும் விற்பவன் தலையில் விழுவதுண்டு. இவையெல்லாம் முடிந்த பிறகே புதிய சேலைகளைப் படம் எடுக்கவும் விவரம் எழுதவும் நேரம் கிடைக்கும்.

இத்தொழிலைச் சிறியவர்க்கும் எட்டச்செய்த மாற்றங்கள் சில. 2016இல் வந்த யு.பி.ஐ. பணம் பெறுவதை எளிதாக்கியது. 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. வந்தபோது, தளங்களின் வழியே பொருள் விற்பவர் எவ்வளவு சிறியவராயினும் பதிவு செய்தாக வேண்டும் என்றிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், மாநிலத்திற்குள் மட்டும் விற்கும், விற்றுமுதல் வரம்பிற்கு உட்பட்ட சிறு விற்பனையாளர் பதிவின்றியே ஒரு சேர்க்கை எண் பெற்று விற்க வழி பிறந்தது. வீட்டிலிருந்தே தொழில் செய்யும் நம் பெண்களுக்கு இது பெரிய வாய்ப்பு.

இனி விரதத்திற்கு வருவோம். உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் கள்ளாமை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைச் சொல்கின்றார். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழிவந்த நம் அருங்கலச்செப்பும் இவற்றையே பேசுகின்றன. களவுக்குத் தூண்டுதல், களவுப் பொருளை வாங்குதல், அரசின் விதியை மீறுதல், அளவையில் கூட்டியும் குறைத்தும் வஞ்சித்தல், ஒன்றைப் போன்ற மற்றொன்றைக் கலந்தோ மாற்றியோ விற்றல் என்பன அவ்வைந்து. கன்னம் வைப்பவனைப் பற்றிய பட்டியல் அன்று இது. கடை வைத்திருப்பவனைப் பற்றியது.

முதலாவது, தூண்டுதல். வேறொருவர் கூலி கொடுத்து எடுத்த படத்தைத் தம் கடைப் படமாக இட்டுக்கொள்வது இணையத்தில் மிக எளிது. ஒரு கைவினைஞரின் புதிய வடிவத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து, இதைப்போல் நூறு அச்சிட்டுத் தருக என்று ஆலைக்கு அனுப்புவதும் எளிது. செய்தவர் வேறொருவர் ஆயினும் ஏவியவர் நாமே.

இரண்டாவது, களவுப் பொருளை வாங்குதல். பில் இல்லாமல், யாரிடமிருந்து வந்தது என்று தெரியாமல், மொத்தமாகக் குறைந்த விலைக்கு வரும் லாட் சரக்கு சிறு வாணிகனை எப்போதும் மயக்கும். வாங்கிய இடத்தைச் சொல்ல இயலாத சரக்கை நம் வீட்டிற்குள் இறக்காதிருப்பதே இவ்விரதம்.

மூன்றாவது, அரசின் விதியை மீறுதல். தளங்களில் விற்பதை மறைக்க இயலாது. தளமே வரியைப் பிடித்துக் கணக்குக் கொடுத்துவிடுகின்றது. சோதனை வாட்ஸ்அப் விற்பனையில்தான் இருக்கின்றது. அங்கே பில் கேட்பாரில்லை; பணம் சொந்தக் கணக்கில் வந்து சேர்கின்றது. இரண்டு விற்பனைக்கும் ஒரே கணக்குப் புத்தகம் வைப்பவனுக்கே இவ்விரதம் கைகூடும். வரியோடு கடமை முடிவதும் இல்லை. 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், விற்பவர் தாமே வாடிக்கையாளர்போல் நடித்து மதிப்புரை எழுதுவதைத் தடை செய்கின்றன. நம் ஆசாரியர்கள் பொய்யாவணம் எழுதுதலை வாய்மை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாக வைத்தனர். உறவினர் பத்துப் பேரைக் கொண்டு ஐந்து நட்சத்திரம் இடச்செய்வதும் அவ்வகையினதே.

நான்காவது, அளவை. முழுச் சேலை என்றால் ஐந்தரை மீட்டரும், ரவிக்கைத் துணி தனியே 80 செ.மீ. அளவும் என்பது பொது வழக்கம். இரண்டையும் சேர்த்தே ஐந்தரை மீட்டராக வெட்டி அனுப்பினால் படத்தில் எவருக்கும் தெரியாது. உடுத்தும்போது கொசுவத்தில் தெரியும். முதல் சலவையில் பருத்தி சுருங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000 ஆல் வகுத்துக் கன அளவு எடை காணும்போது, ஒரு செ.மீ. கூடினாலும் நாம் பதறுகின்றோம். நம் அளவுகோலைப் பற்றி வாங்குபவரும் அவ்வாறே பதறுவார்.

ஐந்தாவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டி, சுங்குடிச் சேலைக்குப் பெயர்பெற்றது. உண்மைச் சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் கையால் நூல் சுற்றி முடியப்பட்டது. முடிந்த துணியைச் சாயத்தில் தோய்த்து, உலர்த்தி, முடிச்சை அவிழ்த்தால், நூல் காத்த இடம் புள்ளியாக நிற்கும். எனவே ஒரு புள்ளி மற்றொன்றைப் போல் இராது. துணியில் முடிச்சின் சுருக்கமும் இருக்கும். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஆயிரக்கணக்கில் முடிச்சுகளை இடுவோர் பெரும்பாலும் பெண்கள். அதே புள்ளிகளை அச்சில் பதித்தால் வேலை விரைவில் முடிந்துவிடும். விலையும் பல மடங்கு குறையும். கையில் எடுத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். உள்ளங்கையளவு கைப்பேசித் திரையில் இரண்டும் ஒன்றே. இரண்டையும் பிரித்துக் காட்டுவது விற்பவன் எழுதும் சொல் ஒன்றுதான்.

மதுரைச் சுங்குடிக்கு 2005இலும், திண்டுக்கல் பூட்டுக்கு 2019இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. இக்குறியீடு, ஒரு வட்டாரத்து உழைப்பாளர் தலைமுறைகளாக ஈட்டிய பெயரை அவர்களுடைய உடைமை என்று சட்டம் ஏற்றுக்கொண்டதன் அடையாளம். களவு என்பதற்கு நம் நூல்கள் தரும் இலக்கணம், கொடுக்கப்படாததைக் கொள்ளுதல் என்பதாகும். அச்சுச் சேலைக்குச் சுங்குடி என்று பெயரிடுகிறவன், முடிச்சிட்ட பெண்ணிடமிருந்து அவள் கொடுக்காத பெயரை எடுத்துக்கொள்கின்றான். வேறிடத்து ஆலைப் பூட்டைத் திண்டுக்கல் பூட்டு என்று விற்பவனும் அத்தகையவனே.

அச்சுச் சேலை விற்பதில் குற்றமில்லை. அதைச் செய்பவரும் உழைத்தே உண்கின்றனர். அதற்குரிய பெயரில் விற்க வேண்டும் என்பதே விரதம். "சுங்குடி வடிவில் அச்சிட்ட பருத்திச் சேலை" என்று நான் எழுதுகின்றேன். இதனால் இழப்பு இல்லை என்று சொன்னால் அது உங்களை ஏமாற்றுவதாகும். சுங்குடி என்று தேடி, விலையின் ஏறுவரிசையில் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது பெயர் மாற்றி விற்பவரின் சரக்கே. முடிச்சிட்ட சேலையும் உண்மைப் பெயரிட்ட அச்சுச் சேலையும் அதற்குக் கீழேதான் நிற்கின்றன. அவ்விடத்தில் விற்பனை குறையவே செய்கின்றது. மறுபுறம், நினைத்தது வேறு வந்தது வேறு என்று திரும்பி வரும் பார்சல்களும் குறைகின்றன. ஒருமுறை வாங்கியவர் அடுத்த முறை தளத்திற்குச் செல்லாமல் நேரே எனக்கே எழுதுகின்றார். ஆதாயம் மெதுவாக வருகின்றது. சில மாதங்களில் வருவதும் இல்லை. விரதம் ஆதாயத்திற்கான வழி என்று இளைஞர்களிடம் சொல்லாதீர்கள். இழப்பு நேர்ந்தாலும் காக்கத்தக்கது என்று சொல்லுங்கள்.

இன்ன பொருளை விற்பதில்லை என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலுக்கும் பெயர்பெற்றது. தோல் பொருள் நமக்கு ஆகாது. கூட்டுப்புழுவைக் கொன்று எடுக்கும் பட்டும், மலைத் தேனும், கொடைக்கானல் மலைப்பூண்டும் அவ்வாறே. பழனிப் பஞ்சாமிர்தத்திற்கும் குறியீடு உண்டு, விற்பனையும் உண்டு. தேன் கலந்தது என்பதால் அதையும் நாம் விற்பதற்கில்லை. பருத்தி, பூட்டு, பாத்திரம் என எஞ்சியவை ஒரு குடும்பம் பிழைக்கப் போதும்.

தேசவிரதத்தைப் பற்றியும் ஒரு சொல். குறித்த காலத்திற்கு இன்ன எல்லையைக் கடப்பதில்லை என்னும் அவ்விரதத்திற்கு அதிசாரங்களாக, வெளியிலிருந்து பொருளை வரவழைத்தல், ஆளை ஏவுதல், குரலால் உணர்த்துதல், உருவத்தைக் காட்டி உணர்த்துதல், பொருளை எறிந்து உணர்த்துதல் என்பவற்றைக் கூறினர். வீட்டை விட்டு அசையாமலே மனம் எல்லை கடக்கும் வழிகள் இவை. சரக்கு வரவழைத்து, கூரியர் ஆளை அனுப்பி, குரற்பதிவிட்டு, படம் காட்டி, பார்சல் அனுப்பும் எங்கள் தொழிலில் நாள் முழுவதும் நடப்பவை இவ்வைந்தே. எனவே சூரியன் மறையுமுன் உணவு கொள்வதிலிருந்து மறுநாள் காலை சாமாயிகம் முடியும்வரை கைப்பேசிக் கடையைத் திறப்பதில்லை என்று ஒரு சிறு தேசவிரதம் ஏற்றுக்கொள்ளலாம். தீபாவளி விற்பனை நாட்களில் இது கடினம். ஆயினும் மகாவீரர் வீடுபேறு அடைந்த நாளை, நள்ளிரவுவரை உறையிட்டுக்கொண்டே கழிப்பது நமக்குப் பொருந்துமா என்று எண்ணிப் பாருங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தளத்திலிருந்து பணம் தாமதமாக வருகின்றது என்று நாம் குறைகூறுகின்றோம். அத்தாமதத்தை அப்படியே முடிச்சிடும் பெண்களின் கூலி மீது இறக்கிவிடுவது வாணிகத்தில் இயல்பாகிவிட்டது. எங்கள் பணம் வரட்டும், உங்களுக்குத் தருகிறோம் என்கின்றோம். நம்மிடம் சில மாதம் தாங்கும் சேமிப்பு உண்டு. அவர்களிடம் அது இல்லை. உழைப்பு முடிந்த பின் நம் கையில் இருக்கும் கூலி அவர்களுடைய பொருள். அதை நிறுத்திவைப்பதும் கொடுக்கப்படாததைக் கொள்வதே ஆகும்.

தசலட்சணப் பருவம் முடிந்து க்ஷமாவணி நாளில் நாம் ஒருவரையொருவர் பொறுத்தருளுமாறு வேண்டுகின்றோம். இவ்வாண்டு முதல், அந்நாளுக்கு முன்னதாகவே கைவினைஞர், நெசவாளர், கூலியாள் யாவருக்கும் உள்ள பாக்கியைத் தீர்த்துவிட்டு, பின்னர் பொறுத்தருள வேண்டுவோம் என்று நம் வாணிகக் குடும்பங்கள் உறுதி ஏற்க வேண்டுகின்றேன். அறக்கட்டளைப் பெரியோர்கள் இதனை விழா நிகழ்ச்சிகளுள் ஒன்றாகச் சேர்த்தால் இளைஞர்களுக்கு நல்ல தொடக்கமாக அமையும்.