பிள்ளைக்கும் பக்கவாதம் வரும்



பக்கவாதம் வயசானவர்களுக்கு வருவது என்றுதான் எல்லாரும் எண்ணியிருக்கிறோம். இருதயக் கோளாறோடு பிறந்த பிள்ளைக்கு இரண்டு வயதிலும் அது வரலாம். பயமுறுத்தச் சொல்லவில்லை, பல சமயம் தடுக்கலாம் என்பதால் சொல்கிறேன்.

ஆயிரம் குழந்தை பிறந்தால் சுமார் 8 குழந்தைக்கு இருதயத்தில் பிறவிக் குறை இருக்கிறது. தாய் கிரகணத்தில் வெளியே வந்ததால் அல்ல. அவளை ஏசாதீர்கள். சின்ன ஓட்டைகள் பல தாமாகவே மூடிக்கொள்ளும். நான் சொல்வது நீலம் பாயும் பிள்ளையைப் பற்றி. அழும்போது உதடும் நகமும் நீலமாகும். பால் குடிக்கையில் மூச்சு வாங்கும். ஓடி விளையாடும்போது நடுவிலே குந்திக்கொள்ளும். சோம்பேறி என்று அதட்டுகிறோம். பாவம், மூச்சுக்காகத்தான் அது குந்துகிறது.

கெட்ட ரத்தம் நுரையீரலுக்குப் போய்ச் சுத்தமான பிறகுதான் மூளைக்குப் போகவேண்டும். வழியில் சின்ன ரத்தக்கட்டி இருந்தால் நுரையீரல் வடிகட்டிவிடும். இந்தப் பிள்ளைக்கோ, ஓட்டை வழியாகக் கெட்ட ரத்தம் நேரே கலந்துவிடுகிறது. கட்டியும் கூடவே போய் மூளையின் ரத்தக்குழாயை அடைத்துவிடலாம். போதாததற்கு, பிராணவாயு குறைவதால் உடம்பு சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்குகிறது. ரத்தம் கெட்டிப்படுகிறது.

இந்தப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் வீட்டுப் பாட்டி என்ன சொல்வார்? "தண்ணி குடுக்காதே, இன்னும் போகும்." ஆபத்தே அதுதான். நீர் வற்றினால் கெட்டியான ரத்தம் உறைந்துபோகும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வாந்திக்கும் காய்ச்சலுக்கும் இப்படித்தான்.

முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை கால் துவண்டால், பேச்சுக் குழறினால், வலிப்பு வந்தால் மந்திரிக்கப் போகாதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். வாயில் எதையும் ஊற்றவேண்டாம். இருதயக் கோளாறு உள்ள பிள்ளை என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இதற்கு ஆபரேஷன் உண்டு. தேசியச் சிறார் நலத் திட்டம் 2013-இல் தொடங்கியது. அதன் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வந்து பிள்ளைகளைப் பார்த்து, கோளாறு தெரிந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தருகிறது. சிகிச்சை இலவசம். ஆனால் தகப்பன்மார்கள் "அறுப்பு முடியட்டும், பார்க்கலாம்" என்று சீட்டை எரவாணத்தில் செருகி வைத்துவிடுகிறார்கள். அப்படி ஒரு சீட்டு உங்கள் வீட்டில் இருந்தால், இன்றைக்கே எடுத்துவந்து கிராம சுகாதார நர்ஸிடம் காட்டுங்கள்.