சாவித்திரிபாய் என்னும் உபாத்தியாயினி



பட்டமளிப்பு விழாவில் கல்வியின் மேன்மையைப் பொதுவாக எடுத்துரைப்பது மரபு. அந்த மரபில் எனக்கு மரியாதை உண்டு. ஆயினும் சில வாரங்களில் வகுப்பறைக்குள் நுழையப்போகிற உங்களுக்குப் பொதுவான உபதேசத்தைக் காட்டிலும், வகுப்பறைக்கே தம் ஜீவியத்தை அர்ப்பணம் செய்த ஓர் உபாத்தியாயினியின் சரித்திரம் அதிகப் பயன் தரும் என்று எண்ணுகிறேன். அவர் மராட்டிய நாட்டுச் சாவித்திரிபாய் புலே அம்மையார். எந்தச் சர்வகலாசாலையின் பட்டமும் அவர் பெற்றதில்லை. புனேயில் உள்ள சர்வகலாசாலையோ 2014-ஆம் ஆண்டு முதல் அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது.

ஒரு பெண்மணி மறைந்தபின் அவரைப் புகழ்கிறவர்கள், நல்ல ஆசிரியையாக இருந்தார், நல்ல மனைவியாக இருந்தார், நல்ல தாயாக இருந்தார் என்று மூன்று கூறுகளாகப் பிரித்துப் புகழ்வதும், மூன்றையும் குறைவின்றிச் செய்தாரே என்று வியப்பதும் நம் வழக்கம். சாவித்திரிபாயின் சரித்திரத்தை ஊன்றிப் படிக்கிறவர்களுக்கு இந்தப் பாகுபாடு உதவாது. பள்ளிக்கூடத்தில் அவர் எந்தக் காரியத்தைச் செய்தாரோ அதையேதான் கணவரோடு சேர்ந்து நடத்திய குடும்பத்திலும், தாம் பெறாத பிள்ளையை வளர்த்த தொட்டிலருகிலும் செய்தார் என்பதே என்னுடைய துணிபு. அதை விளக்கிச் சொல்லவே இங்கு வந்திருக்கிறேன்.

1831-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 3-ஆம் தேதி சாதாராவைச் சேர்ந்த நைகாவ் என்னும் கிராமத்தில் பிறந்த அவருக்கு, 1840-இல், ஒன்பதாவது வயதில், ஜோதிராவ் புலே என்ற பதின்மூன்று வயதுச் சிறுவனோடு விவாகம் நடந்தது. அக்காலத்து விவாகங்களில் இது விசேஷமன்று. விசேஷம் பின்னால் வந்தது. மிஷன் பள்ளியில் படித்து வந்த அந்த இளைஞர், தாம் கற்றதைத் தம்மோடு நிறுத்திக்கொள்ள மனமின்றி, எழுத்தறியாத தம் மனைவிக்குத் தாமே ஆசிரியராக அமர்ந்தார். அவ்வாறு கணவரிடம் அட்சராப்பியாசம் செய்த அந்தப் பெண், அகமத்நகரில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஃபேரார் அம்மையாரிடமும், பின்னர்ப் புனேயிலும், உங்களைப் போலவே முறையான ஆசிரியப் பயிற்சியும் பெற்றார். ஆர்வம் மட்டும் போதும் என்று அவர் எண்ணிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். கற்பிப்பது பயின்று தேற வேண்டிய வித்தை என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

1848-இல் புனே நகரின் பிடே வாடா என்ற வீட்டில் பெண்களுக்கான பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. இந்தியர்கள் தாங்களே நடத்திய பெண்பள்ளிகளில் மிகப் பழையவற்றுள் அது ஒன்று. அங்கே கற்பிப்பதற்காகத் தெருவழியே சென்ற சாவித்திரிபாய்மீது வைதிகர்கள் சாணத்தையும் சேற்றையும் கல்லையும் எறிந்தார்கள் என்றும், பள்ளியை அடைந்ததும் உடுத்திக்கொள்வதற்காக வேறொரு சேலையை அவர் எடுத்துச் செல்வார் என்றும் அவரை அறிந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். இந்தச் சம்பவத்தையே எல்லோரும் சொல்கிறார்கள், சொல்லத் தக்கதுதான். ஆனால் அந்தச் சேலையை மாற்றிக்கொண்டபின் அவர் செய்த வேலையை யாரும் சொல்வதில்லை. வீதியில் பட்ட அவமானத்தின் சாயல் முகத்தில் தெரியாமல், அன்றைய பாடத்தை, அன்றைய கணக்கை, முதல் எழுத்தைக்கூட அறியாத சின்னஞ்சிறு பெண்களுக்கு அவர்கள் பயப்படாதபடி சொல்லிக் கொடுத்தாரே, அந்தச் சாந்தத்தையே நான் அவருடைய தீரத்துக்கு முதல் சாட்சியாகக் கொள்கிறேன். சமூகத்தின் நெருக்குதலுக்கு அஞ்சி மாமனார் 1849-இல் இருவரையும் வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னபோது, அவர்கள் வீட்டை விட்டார்களேயன்றிப் பள்ளியை விடவில்லை.

அவர் எத்தகைய மனைவியாக இருந்தார் என்பதை அறிய, அவர் கணவருக்கு எழுதிய கடிதங்களைப் பார்க்க வேண்டும். நோயுற்றுத் தாய்வீட்டில் தங்கியிருந்த காலத்தில், 1856-ஆம் ஆண்டு அக்டோபரில் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. நீயும் உன் கணவரும் மஹார், மாங் முதலிய தீண்டப்படாதவர்களுக்காக உழைத்துச் சாதிப் பிரஷ்டரானீர்கள், இனியாவது குலாசாரப்படி நடங்கள் என்று உடன்பிறந்தவர் இடித்துரைத்ததையும், நாகபஞ்சமியன்று பாம்புக்குப் பால் வார்க்கிற நீங்கள் மனிதனைத் தொட மறுக்கிறீர்களே என்று தாம் பதில் சொன்னதையும், அதைக் கேட்டுத் தாயார் கண்ணீர் விட்டதையும் அதில் விவரிக்கிறார். நோய்ப் படுக்கையிலிருந்து கணவருக்கு எழுதுகிறவர், தம் உடம்பைப் பற்றிச் சுருங்கச் சொல்லிவிட்டு, இருவருக்கும் பொதுவான காரியத்தைப் பற்றி விரிவாக எழுதுகிறார்.

1868-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நைகாவிலிருந்து எழுதிய இன்னொரு கடிதம் இதனினும் அரியது. பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லி ஊர் ஊராகப் பிழைத்துவந்த பிராமண இளைஞன் ஒருவனும், மஹார் குலத்துப் பெண் ஒருத்தியும் ஒருவரையொருவர் நேசித்தார்கள், அவள் கருவுற்றாள், அதை அறிந்த ஊரார் இருவரையும் தெருத்தெருவாக அடித்து இழுத்துச் சென்று கொன்றுவிடத் துணிந்தார்கள். செய்தி கேட்டு ஓடிய சாவித்திரிபாய், கொலை செய்தால் ஆங்கிலச் சட்டத்தின்படி என்ன நேரும் என்று எச்சரித்து அந்தக் கூட்டத்தைத் தடுத்தார். பிறகு அவ்விருவரையும் கணவரிடமே அனுப்பிவைத்தார். இனி அவர்களை என்ன செய்வது என்று கணவருடைய உத்தரவை எதிர்பார்க்கும் பாவனை அந்தக் கடிதத்தில் இல்லை. தாம் செய்தது இன்னது, இனி உங்கள் பங்கு இன்னது என்று சகாக்கள் இருவர் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் தொனியே இருக்கிறது. அந்த நம்பிக்கையை இல்லறத்தின் இலட்சணம் என்று நான் சொல்வேன். 1876-77-இல் பம்பாய் இராஜதானியைக் கொடிய க்ஷாமம் வாட்டியபோது, ஜுன்னர்ப் பக்கத்து ஓதூரிலிருந்து எழுதிய கடிதத்தில், க்ஷாம நிவாரணப் பணியில் சிறைப்பட்ட தொண்டர்களுக்காகக் கலெக்டரிடம் தாமே நேரில் சென்று வாதாடியதையும், அவர் மனம் இளகிச் சோளம் ஏற்றிய வண்டிகளை அனுப்பியதையும் இதே தொனியில்தான் தெரிவிக்கிறார்.

இனி அவருடைய தாய்மை. சொந்தப் பிள்ளை அவர்களுக்கு இல்லை. இளம் விதவைகள் கருவுற்றால் ஊருக்கு அஞ்சித் தங்களை மாய்த்துக்கொள்வதோ சிசுவைக் கொல்வதோ சாதாரணமாயிருந்த அந்நாளில், அவர்கள் இரகசியமாக வந்து பிரசவித்துக் குழந்தையை விட்டுச் செல்லவும் இடம் தருகிற சிசுஹத்தித் தடுப்பு இல்லம் ஒன்றைப் புலே தம்பதியர் தம் வீட்டிலேயே நடத்தினார்கள். அங்கே ஒரு பிராமண விதவைக்குப் பிறந்த ஆண்குழந்தையை 1874-இல் தம் மகனாகச் சுவீகரித்து யசுவந்தன் என்று பெயரிட்டு வளர்த்து, வைத்தியனாக்கினார்கள். பிறப்பைக் காரணம் காட்டி அவனுக்குப் பெண் தர ஊர் தயங்கியது. இருந்தும் 1889-இல் அவனுக்குப் புரோகிதரின்றி, ஜோதிராவ் நிறுவிய சத்தியசோதக சமாஜத்தின் முறைப்படி, வேறு ஜாதிப் பெண் இராதையை மணம் முடித்துவைத்தார்கள்; விவாகத்துக்கு முன்பே அந்தப் பெண்ணைத் தம் வீட்டுக்கு அழைத்து, மாமியார் தாமே அவளுடைய படிப்பைப் பார்த்துக்கொண்டார். மருமகளை மாணவியாக ஏற்ற மாமியார் அவர்.

1890-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் தேதி ஜோதிராவ் காலமானார். சுவீகார புத்திரனுக்கு ஈமக்கடன் செய்ய உரிமையில்லை என்று உறவினர் தகராறு செய்தபோது, சாவித்திரிபாய் தாமே நெருப்புச் சட்டியை ஏந்திச் சவ ஊர்வலத்தின் முன்னால் நடந்தார். அதன்பின் வீட்டுக்குள் ஒடுங்கிவிடவும் இல்லை. 1893-இல் சாஸ்வடில் கூடிய சத்தியசோதக சமாஜ மகாநாட்டுக்கு அவரே தலைமை வகித்தார்.

1897-இல் புனேயைப் பிளேக் நோய் தாக்கியது. யசுவந்தன் ஊருக்கு வெளியே நோயாளிகளுக்காக ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினான். அறுபத்தாறு வயதுத் தாய் அவனோடு நின்று உழைத்தார். முந்த்வாவில் மஹார்கள் குடியிருப்பில் ஒரு சிறுவன் நோய்கண்டு கிடக்கிறான் என்று கேட்டதும், அவனைத் தம் முதுகில் சுமந்து மகனுடைய சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுவந்தார். அந்த நோய் அவரையும் பற்றிக்கொள்ள, மார்ச் 10-ஆம் தேதி இரவு காலமானார். அந்தச் சிறுவன் பிழைத்தான்.

இவ்வளவும் சொன்னபின், அவர் தொடங்கிய பள்ளிக்கூடங்களுக்கு மறுபடியும் ஒரு கணம் திரும்ப வேண்டியிருக்கிறது. புலே தம்பதியரின் பள்ளியொன்றில் மூன்று ஆண்டுகள் பயின்ற முக்தா என்னும் மாங் குலத்துச் சிறுமி, பதினான்கு வயதில், மஹார் மாங் மக்கள் படும் துக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். 1855-இல் ஞானோதயா என்ற பத்திரிகை அதைப் பிரசுரித்தது. வேதம் ஓதும் உரிமை எங்களுக்கு இல்லையென்றால் எங்களுடைய மதம்தான் எது என்று அவள் அதில் கேட்கிறாள். ஏழைத் தாய்மார்கள் பிரசவத்தின்போது கூரையின்றி மழையிலும் குளிரிலும் படும் வேதனையைக் கண்டவளாகவே எழுதுகிறாள். தான் அறிந்த உலகத்தைத் தன் வாக்கியங்களில் சொல்லும் துணிவு மூன்றே ஆண்டுகளில் ஒரு குழந்தைக்கு வந்ததென்றால், அந்தப் பள்ளியில் பாடம் எப்படி நடந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். மனனம் செய்த பாடத்தை ஒப்பிப்பதோடு கல்வி அங்கே நின்றுவிடவில்லை.

பட்டம் பெறும் அன்பர்களே, வருகிற ஜூன் மாதத்தில் நீங்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு வகுப்பில் நிற்பீர்கள். பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நின்று தலையைக் குனிந்துகொள்கிற பெண்குழந்தை ஒருத்தி அங்கே கட்டாயம் இருப்பாள். அவளிடம் ஒரு தாளைக் கொடுத்து, அவளுடைய வீட்டைப் பற்றியும் தெருவைப் பற்றியும் அவளுக்குத் தோன்றியபடி எழுதச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்ததும் சிவப்பு மையை எடுத்துவிடாதீர்கள். சொல்ல வந்தது இன்னதென்று முழுவதும் படித்து, அதைப் பற்றி அவளோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அதற்குப் பிறகு பிழைகளைத் திருத்துங்கள். மூன்று நாள் அவள் பள்ளிக்கு வரவில்லையென்றால் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். உங்களிடம் நான் வேண்டிக்கொள்வது இவ்வளவுதான்.