தராசை யார் பார்ப்பது?

(கிளைச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பால் நிறுக்கும் இடத்தில் நின்று பழகியவர்கள் நாம். வாளியைத் தராசில் வைத்துவிட்டு, கிராணி எழுதும் எண்ணை எட்டிப் பார்ப்பது நமக்குக் கூடப் பிறந்த வழக்கம். கிராணி கெட்டவர் என்பதற்காக அல்ல. தராசும் தவறும், கையும் தவறும். (கிராணிமாரும் இங்கே அமர்ந்திருக்கிறார்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறோம்.) நிறை தவறென்று தோன்றினால் அங்கேயே மறுபடி நிறுக்கச் சொல்லலாம். பாலைத் தொட்டியில் ஊற்றிக் கலந்த பிறகு என்ன சொல்லி என்ன பயன்?

வாக்கும் அப்படித்தான். அமெரிக்காவில் ஒரு வட்டாரத்து மக்கள் தங்கள் வாக்கை நிறுக்கும் தராசைக் கேள்வி கேட்டார்கள். அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

அந்த நாட்டில் தேர்தல் முழுவதையும் ஒரே ஆணையம் நடத்துவதில்லை. புளோரிடா மாநிலத்தில் கவுண்டி எனப்படும் வட்டார நிர்வாகமே வாக்குச் சாவடி அமைக்கிறது. மாநிலம் ஒப்புதல் தந்த இயந்திரங்களில் ஒன்றை அதுவே வாங்குகிறது. 2000-ம் ஆண்டு அதிபர் தேர்தலில் அங்கே ஏறத்தாழ 60 லட்சம் பேர் வாக்களித்தார்கள். முடிவில் வித்தியாசம் 537 வாக்குகள்! பல கவுண்டிகளில் அப்போது இருந்தது அட்டையில் துளையிடும் முறை. துளை சரியாக விழாமல் துணுக்குத் தொங்கிய அட்டைகளை அதிகாரிகள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததை உலகமே கண்டது. அந்த அவமானத்துக்குப் பிறகு துளை அட்டையைத் தூக்கி எறிந்தார்கள். சரசோட்டா கவுண்டி உட்படப் பல இடங்களில் தொடுதிரை இயந்திரம் வந்தது. விரலால் தொட்டால் வாக்கு. காகிதமே கிடையாது.

2006 நவம்பர் 7-ம் தேதி, நாடாளுமன்றக் கீழ்ச்சபையின் 13-வது தொகுதிக்குத் தேர்தல். சரசோட்டாவில் ஏறத்தாழ 18,000 பேர் மற்றப் போட்டிகளில் வாக்களித்திருந்தும், இந்த ஒரு போட்டியில் மட்டும் அவர்கள் வாக்குப் பதிவாகவில்லை. தொடுதிரையில் வாக்களித்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் கணக்கு இப்படி. தபாலில் காகிதச் சீட்டு அனுப்பியவர்களிலோ நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே 369 வாக்குகளே.

மறு எண்ணிக்கை நடந்தது. எதை எண்ணுவது? இயந்திரம் முதலில் சொன்னதையே இன்னொரு தரம் சொல்லிற்று. திரையில் அந்தப் போட்டி ஒரு பெரிய பட்டியலுக்கு மேலே ஒதுங்கிக் கிடந்ததால் கண்ணில் படவில்லை என்றார்கள் பலர். மத்திய அரசின் தணிக்கை அலுவலகம் சோதித்து, இயந்திரத்தில் கோளாறு காணவில்லை என்று 2008-ல் கூறிற்று. இருக்கலாம். இயந்திரத்தின்மேல் நாம் பழி போடவில்லை. ஆனால் தோற்றவருக்கும், வீணான வாக்குக்கு உரியவருக்கும் எடுத்துக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லையே! ஊற்றிய பாலைத் திரும்ப நிறுக்க முடியுமா?

நாம் வியப்பது வேறொன்று. இந்தக் குழப்பம் வருவதற்கு முன்பே சரசோட்டாவில் சில குடிமக்கள் விழித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டணியாகச் சேர்ந்து ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கினார்கள். வாக்காளர் கண்ணால் பார்த்துச் சரி என்று சொல்லக்கூடிய காகிதச் சீட்டு வேண்டும், எண்ணிக்கையை வெளியார் தணிக்கை செய்ய வேண்டும் என்று கவுண்டியின் சாசனத்தையே திருத்தக் கோரினார்கள். மாநிலச் சட்டத்துக்கு முரண் என்று கவுண்டி நிர்வாகம் வழக்காடிற்று. ஆயினும் அதே நவம்பர் 7-ம் தேதி, அதே இயந்திரத்தில், மக்கள் அந்தத் திருத்தத்தை நிறைவேற்றினார்கள்!

மறு ஆண்டே மாநிலச் சட்டமன்றம் காகிதச் சீட்டுக்குத் திரும்பச் சட்டம் செய்தது. வழக்கு 2010 வரை நீண்டது. காகிதச் சீட்டுக் கோரிக்கை செல்லும், தணிக்கை விதிகள் மாநிலச் சட்டத்தோடு மோதுவதால் செல்லா என்று புளோரிடா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதி வெற்றிதான். சம்பளப் பேச்சில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்குப் பாதி வெற்றியின் அருமை தெரியும்.

நம் நாட்டில் கேள்வி கேட்க இப்படி ஓர் ஊராட்சி இல்லை. நகராண்மைத் தேர்தல்கள் 1965-ல் நிறுத்தப்பட்டு, 1976-ம் ஆண்டுச் சட்டத்தால் அடியோடு போயின. நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களைத் தேர்தல் ஆணையமே நடத்துகிறது. நல்ல வேளையாகச் சீட்டு காகிதம்; எண்ணுவது கை. ஆனால் தேர்தல் சாதனம் என்றால் இயந்திரம் மட்டுமா? விரலில் தடவும் மையும் சாதனந்தான். 2008-ல் மையை வாங்கி வைத்தும், வாக்களிப்புக்கு நான்கு நாளுக்கு முன்னால் வேண்டாம் என்று நிறுத்தினார்கள். 2013 பொதுத் தேர்தலில் முதன்முதலாகத் தடவினார்கள். கழுவினால் போகிறது என்று நாடெங்கும் புகார் எழுந்தது. மையின் தரத்தைத் தேர்தலுக்கு முன்பே மக்கள் முன்னிலையில் சோதித்துக் காட்டியிருந்தால் அந்தப் பேச்சு வந்திருக்குமா?

நம் கைக்கு எட்டியது எண்ணும் மேசை. அங்கே வேட்பாளரின் முகவர் இருந்து பார்க்கலாம். எண்ணி முடிந்ததும் கணக்கெழுதும் பாரம் 14-ன் பிரதி அவர் கைக்கு வரவேண்டும். அதை வாங்காமல் பசி, பஸ் என்று எழுந்து வந்துவிடுகிறவர்களும் உண்டு. முகவரை நியமிப்பது வேட்பாளர். எந்தக் கட்சி என்பது அவரவர் விருப்பம். எண்களைக் கூட்டத் தெரிந்து, இரவு எந்நேரமானாலும் நாற்காலியை விட்டு எழாதவர்களாக இருந்தால் போதும். பாரத்தைப் படிக்கும் முறையைக் கற்க விரும்புகிறவர்கள், பெண்கள் உட்பட, கூட்டம் முடிந்ததும் கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.